நாய்க்கு மெத்தை: பழைய புடவையா, பாலியஸ்டர் பஞ்சா?

சென்னையில் வீட்டு நாய்க்குத் துவைக்கிற மாதிரி மெத்தை தைக்க என் முதல் சிபாரிசு பழைய பருத்திப் புடவைதான். நாலைந்து மடிப்பாக அடுக்கி, நாலு விரல் இடைவெளியில் ஓட்டுத்தையல் போட்டால் போதும். மே மாத வெயிலில் நாய் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. அடியில் சூட்டைப் பிடித்துவைக்கும் பாலியஸ்டர் இருந்தால், பாவம், எழுந்து வெறும் தரையில் போய்ப் படுத்துவிடும். பருத்தி வெந்நீரையும் தாங்கும். உண்ணித் தொல்லை உள்ள வீட்டில் 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது பெரிய உதவி. புதுத் துணி என்றால் தைக்கும் முன்பே ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள், சுருங்கும்.

சரி, ஐப்பசி, கார்த்திகை மழையில்? தடித்த பருத்தி மெத்தை வீட்டுக்குள் கொடி கட்டினாலும் லேசில் காயாது, பூஞ்சை வாடை வந்துவிடும். பாலியஸ்டர் பஞ்சு வைத்தது தண்ணீரை அதிகம் உறிஞ்சாது, ஃபேன் காற்றிலேயே காயும். மூட்டு வலியுள்ள வயதான நாய்க்கும் அந்தத் தடிமன் இதம். கடித்துக் குதறும் குட்டிக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். பஞ்சை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும்.

புடவைதான் என்று முடிவெடுத்தால், தடியாக ஒன்று தைக்காமல் மெல்லியதாக இரண்டு தையுங்கள். ஒன்று காயும்போது மற்றதை விரிக்கலாம்.