பர்ன்ஸ் விருந்துக்கு டிக்கெட் எடுக்கும் முன்

ஸ்காட்லாந்தின் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்த ஜனவரி 25-ஐ ஒட்டி அந்நாட்டுத் தலைநகர் எடின்பரோவில் இசையும் கவிதையுமாக விருந்துகள் நிறைய நடக்கும். 1801-இல், அவர் மறைந்த ஐந்தாம் ஆண்டு நினைவாக, ஆலோவே என்ற ஊரில் அவர் பிறந்த குடிலில் நண்பர்கள் கூடி உண்டு, கவிதை சொன்னதில் தொடங்கிய வழக்கம் இது. இன்றைக்குப் பெரிய ஹோட்டல் மண்டபத்திலும் கிடைக்கிறது, ஐம்பது பேர் கொள்ளும் சின்னக் கூடத்திலும் கிடைக்கிறது. எங்கள் ஓட்டு சின்னக் கூடத்துக்கே. ஸ்காட்ஸ் மொழிக் கவிதையை ஒலிபெருக்கி வழியாகக் கேட்டால் தொண்டையில் உரசி வரும் மெய்யொலிகள் பாதி மழுங்கிவிடும்.

முதலில் பைப்பர், அதாவது பை-குழல் வாசிப்பவர், ஹாகிஸுக்கு (ஆட்டு உள்ளுறுப்புகளை உறையில் அடைத்து வேகவைத்த பண்டம்) முன்னே வாசித்தபடி வருவார். அவர் வாசிக்கும் ஹைலேண்ட் பைப் அறைக்குள் காதைப் பிளக்கும். ஒரு சுற்று வந்ததும் அவர் நிறுத்திவிட வேண்டும். அதை ஃபிடிலோடு (வயலின்) சேர்த்து வாசிக்கும் நிகழ்ச்சி என்றால் யோசியுங்கள். ஃபிடிலின் 'ஏ' சுரம் 440 ஹெர்ட்ஸ்; ஹைலேண்ட் பைப்பின் 'ஏ' 470-க்கும் மேல். சுருதி சேராது. கூடத்துக்கு ஏற்றது ஸ்மால்பைப் என்ற சின்னப் பை-குழல். அக்குளில் இடுக்கிய துருத்தியால் காற்றடிக்கும் அது ஃபிடில், கிதாரோடு இழையும்.

அடுத்தது ஹாகிஸை வாழ்த்தும் கவிதை. 1786-இல் பர்ன்ஸ் எழுதியது, ஆறடிச் செய்யுள் எட்டு. ஒவ்வொன்றிலும் நான்கு நீண்ட அடிகள் ஒரே இயைபு, இரண்டு குறுகிய அடிகள் இன்னொரு இயைபு. அந்தக் குறுகிய அடியில்தான் அழுத்தம் விழும். சொல்பவர் அங்கே அவசரப்பட்டால் கவிதை செத்தது. மூன்றாம் செய்யுளில் கத்தியைத் துடைத்து ஹாகிஸைக் குத்த வேண்டும். கொதிநீரிலிருந்து எடுத்ததும் குத்தினால் உறை வெடித்துச் சூடான கொழுப்பு தெறிக்கும். அனுபவமுள்ள சமையற்காரர் முன்பே சிறு கீறல் போட்டுத்தான் அனுப்புவார்.

ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல், ஓட்ஸ், கொழுப்பு, வெங்காயம், மிளகு: இதுதான் ஹாகிஸ். பக்கத்தில் டர்னிப் மசியலும் உருளைக்கிழங்கு மசியலும். சைவர்களும் தாராளமாகப் போகலாம். 1984-இல் ஸ்காட்டிஷ் பொயட்ரி லைப்ரரியின் திறப்பு விழாவுக்காக மக்ஸ்வீன் நிறுவனம் செய்த சைவ ஹாகிஸ் இப்போது எங்கும் கிடைக்கிறது. கவிதைக்காகவே பிறந்த பலகாரம்! டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவையுங்கள்.

மாலையின் தரத்தைத் தீர்மானிப்பது 'டாம் ஓ ஷான்டர்', குடித்துவிட்டு இரவில் வீடு திரும்பும் ஒருவன் பேய்க்கூட்டத்திடம் சிக்கும் பர்ன்ஸின் கதைக்கவிதை. இருநூறு அடிக்கு மேல். மனப்பாடமாகச் சொல்ல ஏறக்குறைய கால் மணி நேரம். பேய்க்காட்சியை மட்டும் வெட்டிச் சொல்லும் விருந்துகள் உண்டு. அப்படிச் செய்தால் கணப்படுப்பின் கதகதப்பிலிருந்து குடிகாரன் புயலுக்குள் இறங்கும் பயமே இல்லாமல் போகும். முழுசாகச் சொல்வார்களா, எப்போது சொல்வார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உணவு முடிந்தவுடன் என்றால் நல்லது. விஸ்கி மூன்று சுற்று போன பிறகு என்றால் சொல்பவரும் தடுமாறுவார், கூட்டமும் கலகலக்கும். வீட்டிலேயே ஒருமுறை அருஞ்சொற்பொருளோடு படித்துவிட்டுப் போனால் அங்கே காகிதத்தைப் பார்க்க வேண்டியிருக்காது.

இசையில் ஸ்ட்ராத்ஸ்பே என்ற நடன மெட்டு உண்டா என்று பாருங்கள். இரட்டைச் சுரத்தில் முன்னது குறில், பின்னது நெடில் என்று வெட்டி வரும் அந்தத் தாளம் ஸ்காட்லாந்துக்கே உரியது. ரீல் என்ற துரித நடன மெட்டுகளை மட்டும் வேகமாக அடுக்குவது சுற்றுலாக் கூட்டத்துக்கான வாசிப்பு. பர்ன்ஸின் பிரிவுப் பாடலான 'ஏ ஃபாண்ட் கிஸ்' பாடும்போது ஒரு ஃபிடில் போதும். முழுக் குழுவும் சேர்ந்தால் சொல் அமுங்கிப்போகும்.

கடைசியில் எல்லோரும் சேர்ந்து பாடும், பழைய நட்பை நினைக்கும் 'ஆல்ட் லாங் சைன்'. தொடக்கத்தில் கைகோத்தால் போதும். கடைசிச் செய்யுளில்தான் கைகளைக் குறுக்கே மாற்றிப் பிடிக்க வேண்டும்.

டிக்கெட் கிடைக்கவில்லையா? ஃபாரஸ்ட் ரோட்டில் சாண்டி பெல்ஸ் மதுக்கூடத்துக்குப் போங்கள். நாட்டுப்பாடல் சேகரித்த ஹேமிஷ் ஹெண்டர்சன் வழக்கமாக உட்கார்ந்த இடம். அவருடைய மார்பளவுச் சிலை அங்கே இருக்கிறது. மாலையில் கலைஞர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள், கட்டணம் கிடையாது. இடம் குறுகல் என்பதால் சீக்கிரம் போங்கள். வாசிப்பவர்களுக்கான மூலையில் உட்காராதீர்கள். ஒரு மெட்டை இரண்டு மூன்று முறை வாசித்துவிட்டு நிற்காமல் அடுத்ததுக்குத் தாவுவார்கள்; கைதட்டலை அந்தத் தொடர் முழுதும் முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.