நட்டு போல்ட்டு மிருதங்கம்: 4 வருஷம் வாசிச்ச அனுபவம்

போன வாரம் கூட்டாளி ஒருத்தன் வாட்ஸ்அப்ல வாய்ஸ் போட்டிருந்தான். அவன் பையன் 5 வருஷமா மிருதங்கம் கத்துக்கிறான், இப்பதான் கோவில் பஜனை, கல்யாண டின்னர், நவராத்திரி கொலுன்னு அங்கங்க கூப்பிட ஆரம்பிச்சிருக்காங்க, "டேய், சென்னையிலேர்ந்து 3,000 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) ஒரு நல்ல பலா மரத்து மிருதங்கம் எறக்கலாம்னு இருக்கேன், நீ என்ன சொல்ற?"ன்னு கேட்டான். நானும் வாய்ஸ்லயே பதில் சொல்ல ஆரம்பிச்சேன், 9 நிமிஷம் தாண்டிடுச்சு, பேசினதும் கோர்வையா வரல, அதனால எழுதிடறேன், வேற யாருக்காவது கூட உதவும்.

என்கிட்ட ரெண்டு இருக்கு. ஒண்ணு 2018-ல சென்னையிலேர்ந்து எடுத்துட்டு வந்தது, தோல் வார் இழுத்துக் கட்டின தக்கு, அதாவது கீழ்சுருதி மிருதங்கம், எல்லா செலவும் சேத்து 2,400 வெள்ளி ஆச்சு, மரம் அவ்ளோ அருமையான மரம். இன்னொண்ணு 2021-ல கோலாலம்பூர் செந்தூல்ல ஒரு பெரியவர்கிட்ட 380 வெள்ளிக்கு வாங்கின நட்டு போல்ட்டு, அதாவது வாருக்கு பதிலா இரும்புக் கம்பியும் நட்டும் போட்டது, ஹெச்சு, மேல்சுருதி. இந்த 4 வருஷத்துல நான் வாசிச்ச இடங்கள எண்ணிப் பாத்தா பத்துக்கு எட்டு இந்த 380 வெள்ளிதான் போயிருக்கு.

ஏன்னா ரொம்ப சாதாரணமான காரணம், சுருதி. நான் 2018-ல வாங்கும்போது என் குரு வாசிக்கிற மாதிரியே 1 கட்டை, 1½ கட்டைன்னு கேட்டு வாங்கினேன் (கட்டைன்னா சுருதியோட அளவு, எண் கூடக்கூட சுருதி மேல). இங்க பஜனை குழுவுல பாடறது யாரு? முக்காவாசி பெண்கள்தான். 5 கட்டை, 5½ கட்டைன்னு ஆரம்பிப்பாங்க. 1 கட்டைக்கு செஞ்ச மிருதங்கத்த நீ எவ்ளோ தட்டி ஏத்தினாலும் 5-க்கு வராது, மீறி ஏத்தினா மூட்டுதான், அதாவது வாய்ல போட்ட தோல்தான் கிழியும். 2,400 வெள்ளி வீட்டு மூலைல உறை போட்டு உக்காந்திருக்கு, நான் அடுத்தவங்ககிட்ட இரவல் வாங்கி வாசிச்சிட்டிருந்தேன், மூணு வருஷம்! இத வாங்கறதுக்கு முன்னாடி எனக்கு யாரும் சொல்லல, அதனால சொல்றேன், சின்ன இடத்துல வாசிக்கிறவனுக்கு யாரு பாடுவாங்கன்னு அவன் கைல இல்ல, வெலை கூடுன ஒண்ண விட சுமாரான ரெண்டு, தக்கு ஒண்ணு ஹெச்சு ஒண்ணு, அதுதான் அவன காப்பாத்தும்.

அடுத்தது சத்தம். மரத்துக்குத்தான் நாதம்னு நெனச்சுதான் எல்லாரும் காசு குடுக்கறாங்க. மரத்துக்கு பங்கு இல்லன்னு சொல்ல வரல. ஆனா வலந்தலைல, அதான் வலது கை அடிக்கிற பக்கத்துல, அந்த மணி மாதிரி சுருதி சேந்து நிக்குதே, அதுக்கு மொதல் காரணம் நடுவுல இருக்கிற கரணை, அந்த கருப்பு வட்டப் பூச்சு. சர் சி.வி. ராமன் 1920-லயே நேச்சர் பத்திரிகைல இதப் பத்தி எழுதிட்டாரு: சாதாரண தோல் தட்டுனா மேல்ஸ்வரம் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம சிதறும், நடுவுல அந்த பாரம் ஏறினதும் அதெல்லாம் தந்தில வர்ற மாதிரி வரிசையா வந்து சேந்துக்கும். அப்போ கரணை நல்லா இருந்தா 380 வெள்ளி மிருதங்கமும் பேசும், கரணை வெடிச்சு பொடி உதிர ஆரம்பிச்சா 2,400 வெள்ளியும் ஊமைதான். நான் அந்த 380 வெள்ளிய வாங்கின ஒடனே அதோட பழைய மூட்ட தூக்கிப் போட்டுட்டு 180 வெள்ளிக்கு புது வலந்தலை மூட்டு போட்டேன், வீட்டு ஹால்ல பேப்பர் விரிச்சு உக்காந்து நானே மாத்தினேன், ஒண்ணரை மணி நேரம். வார் போட்டதுல இத நெனச்சுகூட பாக்க முடியாது, அதுக்கு ஆள் வேணும், இங்க அந்த வேலை தெரிஞ்சவங்க ரொம்ப கம்மி, ஊர்லேர்ந்து யாராவது வந்தாதான்.

அப்புறம் மைக். கிள்ளான் பக்கம் ஒரு கல்யாண டின்னர்ல வாசிச்சேன், கீபோர்டு, பேடு, மூணு பாடகர், எனக்கு ரெண்டு மைக். எஸ்எம்57 மாதிரி மைக்கு 40 ஹெர்ட்ஸ்லேர்ந்து 15,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் எடுக்கும்னு ஸ்பெக்ல போட்டிருக்கும், சரி, ஆனா அந்த ஹால் ஸ்பீக்கர் தொப்பியோட (இடது பக்கம்) கும்கிய, அந்த "கும்"முங்கற கீழ்சத்தத்த, வெளிய விடவே இல்ல, சவுண்டு தம்பி வேற ஊளை வருதுன்னு கீழ்சத்தத்த மொத்தமா வெட்டிட்டாரு. அவர குத்தம் சொல்ல முடியாது, 60 மேசைக்கு நடுவுல அவரும் என்ன செய்வாரு. அந்த மாதிரி எடத்துல 3,000 வெள்ளி மரத்துக்கும் 380 வெள்ளி மரத்துக்கும் வித்தியாசம் எனக்கே கேக்காது, கோழி பெரட்டல் சாப்பிட்டுட்டு இருக்கிறவங்களுக்கு எப்படி கேக்கும்.

இப்போ ஸ்பேனர். இத நான் இவ்ளோ புகழுவேன்னு நானே எதிர்பாக்கல. நம்ம ஊர் சாயங்காலம் தெரியும்ல, 5 மணிக்கு மழை கொட்டும், தோல் ஈரம் குடிச்சு தொங்கிடும், சுருதி அரை கட்டை எறங்கிடும். அதே மிருதங்கத்த ஏர்கான் ஹாலுக்குள்ள கொண்டு போனா அரை மணி நேரத்துல காஞ்சு இழுத்துக்கும், மேல ஏறிடும். வார் போட்டதுன்னா கல்லையும் கட்டையையும் வெச்சுக்கிட்டு மூட்ட சுத்தி சுத்தி தட்டணும், பாடறவங்க காத்திருப்பாங்க, ஐயர் மணி அடிச்சிருவாரு, வேர்த்து ஊத்தும். நட்டு போல்ட்டுல 8 கம்பி, எதிர் எதிரா ஜோடி ஜோடியா கால் திருப்பு, 2 நிமிஷம், முடிஞ்சுது. ரெண்டு பாட்டுக்கு நடுவுல யாருக்கும் தெரியாம செஞ்சிருக்கேன். ஒண்ணு மட்டும் கவனம், வாசிச்சு முடிச்சதும் கொஞ்சம் தளத்தி வைக்கணும். 2022-ல ஒரு மத்தியானம் டைட்டா இருந்தபடியே காடில (கார்ல) வெச்சு பூட்டிட்டு சாப்பிட போயிட்டேன், வெயில்ல தோல் சுருங்கிச்சு, கம்பி இரும்பு, அது விட்டுக் குடுக்கல, திரும்பி வந்து பாத்தா மீட்டு தோல் (வலந்தலையோட வெளி வட்டத் தோல்) ஓரத்துல விரல் நீளத்துக்கு கிழிஞ்சிருந்துச்சு. அன்னிக்கு சோறு எறங்கல.

இவ்ளோ நல்லது சொல்லிட்டேன், இப்போ என் வயித்தெரிச்சல். மூணாவது கம்பி.

5 கட்டைல இருக்கும்போது எல்லா கம்பியும் முறுக்கா நிக்கும், ஒரு சத்தம் இருக்காது. அரை கட்டை எறக்கி 4½-க்கு வெச்சா முறுக்கு கொறையும், அப்போ இந்த மூணாவது கம்பி மட்டும் கொக்கி மாட்டியிருக்கிற எடத்துல "ஙீ...ங்"னு ஒரு ஈ மாதிரி சத்தம் போடும். சாபுங்கற அடி அடிச்சா வரும், தீம் அடிச்சா வரும். கொக்கிக்கு அடியில தோல் துண்டு வெச்சேன், நூல் சுத்தினேன், சைக்கிள் டியூப் வெட்டி வளையம் மாதிரி போட்டேன், வாஷர் மாத்தினேன், அந்த கம்பியையே ஏழாவது எடத்துக்கு மாத்திப் பாத்தேன், சத்தமும் அதுகூடவே ஏழாவது எடத்துக்கு போச்சு. கம்பிய கையில எடுத்து கண்ணுக்கு நேரா வெச்சு பாத்தா நடுவுல மயிரிழை அளவு வளைவு இருக்கு, நிமித்த முடியல. நாலு வருஷமா இதோட போராடிட்டிருக்கேன், வாசிக்கும்போது பாதி காது அந்த கம்பிலதான் இருக்கும்.

போன சனிக்கிழமை செந்தூல்ல ஒரு வீட்டு கொலு. பாட்டு ஒரு வயசான அம்மா, தொண்டை சரியில்ல, "தம்பி, இன்னிக்கு 4½ வெச்சுக்கலாமா"ன்னு கேட்டாங்க, சரிம்மான்னு எறக்கினேன். நாலு பாட்டு நல்லா போச்சு. அப்புறம் விருத்தம் எடுத்தாங்க, தாளம் இல்ல, நான் கைய மடியில வெச்சுக்கிட்டு கேட்டுட்டிருக்கேன். அந்தம்மா மேல் ஷட்ஜத்துல நிக்கறாங்க, ஹார்மோனியம் அவங்களோட நிக்குது, கூடவே எங்கேர்ந்தோ ஒரு ஈ பறக்குது. என் மிருதங்கம். நான் தொடவே இல்ல, அவங்க குரலுக்கே அந்த கம்பி அதிர்ந்து, என் முன்னாடி இருக்கிற மைக்கு அத எடுத்து ஸ்பீக்கர்ல விடுது. ரெண்டு விரலால கம்பிய இறுக்கி புடிச்சுக்கிட்டேன், விருத்தம் முடியற வரைக்கும் விடல. அந்தம்மா கண்ண மூடி பாடிட்டிருந்தாங்க, அவங்களுக்கு கேட்டுச்சான்னு தெரியல, கேக்கவும் எனக்கு மனசு வரல. முடிஞ்சதும் "கை நல்லா இருக்குப்பா"ன்னு சொல்லி ஒரு பை சுண்டல் குடுத்தாங்க. காடில வரும்போது அவ்ளோ கோவம், அவ்ளோ வெக்கம்.

வீட்டுக்கு வந்து ராத்திரி 11 மணிக்கு உறைய கழட்டி அந்த 2018 தக்க எடுத்து மடியில வெச்சேன், தொப்பிக்கு ரவை பெசஞ்சு ஒட்டி சும்மா கைய வெச்சேன். மைக் இல்ல, ஏர்கான் இல்ல, சின்ன ரூம். தொப்பி கும்கி சுவத்துல போய் முட்டி திரும்பி வருது, வலந்தலைல சாபு நின்னு மெதுவா கரையுது, ஒரு எரைச்சல் இல்ல. இத வெச்சுக்கிட்டா நான் நாலு வருஷம் ஈ ஓட்டிட்டிருந்தேன்னு தோணுச்சு.

சரிடா, உனக்கு பதில். 3,000 போடாத. பையன் யாருக்கு வாசிக்கப் போறான், எந்த கட்டைன்னு மொதல்ல கேளு. ஹெச்சு நட்டு போல்ட்டு ஒண்ணு வாங்கு, வாங்கறதுக்கு முன்னாடி அவன் வாசிக்கிற சுருதிக்கு அரை கட்டை கீழ எறக்கி ஒவ்வொரு கம்பியா காது வெச்சு கேளு, ஒரு கம்பி முனகினாலும் வெச்சிட்டு வந்திரு. மிச்ச காசுல ரெண்டு வலந்தலை மூட்டு வாங்கி வெச்சுக்கோ.

என்னோடத? தீபாவளி முடிஞ்சதும் 8 கம்பியையும் கழட்டிட்டு அதே மரத்துக்கு வார் போடச் சொல்லி பேசிட்டேன், ஊர்லேர்ந்து ஆள் வர்றாரு, அட்வான்ஸ் 100 வெள்ளி குடுத்தாச்சு, மொத்தம் நான் வாங்கின வெலைய விட கூட ஆகும், ஆகட்டும். ஸ்பேனரும் கம்பியும் உன் பையனுக்கு ஸ்பேரா வேணும்னா வந்து எடுத்துக்கோ, ஏழு கம்பி தர்றேன்.