டீபக் கார்டு: இலக்கங்களைவிட விளக்குகளே அதிகம் உதவின

மின்விசிறி சுழலும், விளக்கு எரியும், திரை மட்டும் இருண்டே கிடக்கும். பழுது மதர்போர்டிலா, பிராசஸரிலா, ரேமிலா என்று தெரியாமல் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கும் அவஸ்தை கணினியில் ஈடுபாடுள்ள அனைவருக்கும் தெரிந்ததுதான். அந்த அவஸ்தையைக் குறைப்பதற்கென்று விற்கப்படும் டீபக் கார்டுகளில் (கணினி எந்தக் கட்டத்தில் முடங்கியது என்பதை எண்ணாகக் காட்டும் சிறு சோதனை அட்டைகள்), மதர்போர்டில் கூடுதல் கார்டுகளைச் செருகும் பிசிஐ, பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுகளிலும், மெதுவான பாகங்களுக்கான எல்பிசி என்ற ஊசி இணைப்பிலும் பொருத்தக்கூடிய ஒன்றை வாங்கி இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பழைய போர்டுகளைக் காப்பாற்ற நினைப்பவருக்கு இது வாங்கத்தக்க பொருள்தான். ஆனால் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதுபோல எல்லாப் போர்டுகளுக்கும் இது பயன்படாது.

கணினிக்கு மின்சாரம் கிடைத்ததும், அதைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் தன் வேலையைப் பல கட்டங்களாகச் செய்கிறது. ஒவ்வொரு கட்டத்தைத் தொடங்கும்போதும் 80எச் என்னும் போர்ட் முகவரிக்கு ஒரு பைட் எழுதுகிறது. கார்டு அதைப் பிடித்து, 00 முதல் எஃப்எஃப் வரையிலான இரண்டு இலக்கப் பதினாறடிமான எண்ணாகக் (0 முதல் 9 வரை, பிறகு ஏ முதல் எஃப் வரை) காட்டுகிறது. எண் எங்கே நின்றுவிடுகிறதோ அங்கே போர்டு முடங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். முடங்கிய இடத்தை அது சொல்லும். முடக்கிய பாகம் எது என்பதை நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வேறுபாட்டை நான் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தேன்.

1156 ஊசிகள் கொண்ட பிராசஸர் சாக்கெட்டும் அவார்டு என்ற வகைப் பயாஸும் உள்ள பழைய போர்டு ஒன்றில் கார்டைப் பொருத்தியபோது, எண் சி1-இல் வந்து நின்றது. அவார்டு பயாஸில் சி1 என்பது ரேமைக் கண்டறியும் கட்டம். ரேமின் பொன்னிறத் தொடுமுனைகளை அழிப்பானால் தேய்த்தேன், ஸ்லாட்டை மாற்றினேன், நன்றாக வேலை செய்யும் வேறொரு ரேமையும் பொருத்திப் பார்த்தேன், சி1 அசையவில்லை. ரேமை இயக்கும் சுற்றான ரேம் கட்டுப்படுத்தி மதர்போர்டிலிருந்து பிராசஸருக்கு இடம்பெயர்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன (ஏஎம்டி 2003-இலும் இன்டெல் 2008-இலும் அந்த மாற்றத்தைச் செய்தன) என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அப்படியானால் ரேமைச் சுட்டும் எண்ணுக்குக் காரணம் பிராசஸராகவோ, அதன் சாக்கெட்டாகவோ இருக்கலாம். பிராசஸரைக் கழற்றி, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சிப் பார்த்தபோது, ஒரே சீராக மின்னிய ஊசி வரிசைகளுக்கு நடுவே ஓர் ஊசி மட்டும் பக்கத்து ஊசியின் மேல் சாய்ந்து, ஒளி படாமல் கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தது. தையல் ஊசியின் முனையால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை நிமிர்த்திய பிறகு, எண்கள் மளமளவென்று ஓடி எஃப்எஃப்-இல் நின்றன. அந்த எஃப்எஃப்-ஐப் பார்த்து ஒரு கணம் பதறிவிட்டேன். ஏனெனில் பிராசஸர் உயிரற்றுக் கிடக்கும்போதும் பல கார்டுகள் எஃப்எஃப் என்றே காட்டும். அவார்டு பயாஸிலோ, இயங்குதளத்தைத் தொடங்கும் கடைசிக் கட்டத்தின் எண்ணும் அதுதான். அடுத்த நொடியே திரையில் எழுத்துகள் தோன்றின.

இலக்கங்களைக் காட்டிலும் எனக்கு அதிகம் உதவியவை கார்டின் ஓரத்தில் உள்ள சின்னஞ்சிறு விளக்குகள் என்றுதான் சொல்வேன். 3.3, 5, 12 வோல்ட் விளக்குகள் எரிந்தால் மின்சாரம் அந்த ஸ்லாட் வரை வந்து சேர்கிறது என்று பொருள். அவை எரிவதால் மின்னழுத்தம் சரியான அளவில் இருக்கிறது என்று ஆகிவிடாது, அதை மல்டிமீட்டரால்தான் அளக்க வேண்டும். ரீசெட் விளக்கு ஒரு கணம் எரிந்து அணைய வேண்டும். அது அணையாமலே இருந்தால், பிராசஸர் இன்னும் ஒரு கட்டளையைக்கூட நிறைவேற்றத் தொடங்கவில்லை. இன்னொரு போர்டில் இந்த விளக்கு அணையவே இல்லை. பிராசஸருக்கு அருகில் மூன்று மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தது. அவற்றை மாற்றியதும் விளக்கு ஒழுங்காக அணைந்தது, போர்டும் எழுந்தது. இலக்கங்களை மட்டும் பார்த்திருந்தால் பிராசஸர் செத்துவிட்டது என்றே முடிவு கட்டியிருப்பேன்.

குறைகள் சிறியவை அல்ல. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுக்குள் 80எச் எண்கள் பெரும்பாலும் வருவதே இல்லை; ஆகவே அந்த முனையைப் பொருத்தினால் வெற்றுக் கோடுகளைத்தான் பார்க்க நேரும். அந்த ஸ்லாட்டில் 5 வோல்ட் மின்சாரமும் இல்லை என்பதால், அதற்குரிய விளக்கு எரியாததைப் பழுது என்று எண்ணிவிடக் கூடாது. எல்பிசி இணைப்பு இருந்தால் எண்கள் ஒழுங்காக வருகின்றன. ஆனால் அதன் ஊசி அமைப்பு உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் மாறுகிறது. பொருந்துகிறதே என்று தவறான முனையைச் செருகினால் நல்ல போர்டும் கெட்டுப்போகலாம். அண்மைக்காலப் போர்டுகள் பலவற்றில் அந்த இடத்தில் எஸ்பிஐ என்ற வேறு வகை இணைப்புதான் இருக்கிறது, அங்கே இந்தக் கார்டுக்கு வேலையே இல்லை. உடன் வந்த கையேடு பழைய பயாஸ்களோடு நின்றுவிடுகிறது. மதர்போர்டின் சொந்தக் கையேட்டில் உள்ள பட்டியலையே நம்ப வேண்டும். ஏழு கோட்டு எண்காட்டியில் 6-க்கும் பி-க்கும் உள்ள வேறுபாடு மேலே ஒரு கோடு மட்டுமே என்பதையும் சொல்லியாக வேண்டும். அதைக் கவனிக்காமல் ஒரு மாலைப்பொழுதை வீணாக்கினேன்.

திரை வந்த பிறகு தொல்லை தரும் பிராசஸரை இந்தக் கார்டு ஒருபோதும் காட்டிக்கொடுக்காது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிப் பிராசஸர்கள் சிலவற்றில் மிகையான மின்னழுத்தத்தால் நிலைகுலைவு ஏற்படுவதை அந்நிறுவனமே 2024-இல் ஒப்புக்கொண்டது. அவற்றில் போஸ்ட் என்னும் தொடக்கச் சுயசோதனை ஒழுங்காக முடிந்துவிடும். விளையாட்டைத் திறக்கும்போதுதான் வீடியோ மெமரி போதவில்லை என்ற பிழை வந்து, பலரைக் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகிக்க வைத்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த மைக்ரோகோடு (பிராசஸருக்குள் இயங்கும் அடிப்படை நிரல்) திருத்தம் 1.55 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் கேட்பதைத் தடுத்தது என்றாலும், ஏற்கெனவே சேதமடைந்தவற்றை அது மீட்கவில்லை. அத்தகைய பழுதுக்கு நெடுநேரச் சுமைச் சோதனையும், முடிந்தால் மாற்றுப் பிராசஸரும்தான் வழி.

வாங்க நினைப்பவர் முதலில் தம் போர்டில் பிசிஐ ஸ்லாட்டோ எல்பிசி இணைப்போ இருக்கிறதா என்று கையேட்டில் பார்க்கட்டும். இரண்டும் இல்லாவிட்டால், அண்மைக்காலப் போர்டுகள் பலவற்றிலேயே உள்ள சிபியு (பிராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (திரைக்காட்சி), பூட் (இயங்குதளத் தொடக்கம்) என்ற நான்கு விளக்குகள் இந்தக் கார்டைவிட அதிகம் சொல்லும். வாங்கியவர்கள், கார்டைச் செருகும் முன் பவர் சப்ளையின் கம்பியைக் கழற்றிவிட்டு, போர்டில் எரியும் காத்திருப்பு விளக்கு முழுவதும் அணையும்வரை கை வைக்க வேண்டாம்.