இரண்டாகப் பிரியும் இதய மாதிரி: பள்ளி ஆய்வகத்துக்கு வாங்கலாமா?

நாகர்கோவிலில் பள்ளி ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் இதய மாதிரி இது. அளவு ஒரு கைமுட்டி. முன்பாதியைக் கழற்றினால் நான்கு அறைகளும் தெரியும். பத்தாம் வகுப்புக்கு வாங்கலாம். ஆனால் வால்வைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க இது உதவாது.

முதலில் நல்லது. சுவரின் தடிமனைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். இடது வெண்ட்ரிக்கிளின் (கீழறையின்) சுவர் வலதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. வலது பக்கம் அருகிலிருக்கும் நுரையீரலுக்குத் தள்ளினால் போதும், 25 மி.மீ. பாதரச அழுத்தத்தில் வேலை முடிந்துவிடும். இடது பக்கம் உடல் முழுக்க அனுப்ப 120 வேண்டும். துடிப்புக்குச் சுமார் 70 மி.லி. என்பது இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். இடது பக்கம் அதிக ரத்தம் தள்ளுகிறது என்று பிள்ளைகள் நினைப்பதை இங்கேயே திருத்திவிடலாம். வலது ஆரிக்கிளின் (மேலறையின்) நடுச்சுவரில் ஒரு சிறு குழிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். கருவில் இருந்த துளை மூடிய தடம் அது. மலிவான மாதிரிகளில் இருக்காது.

நிறத்தைக் கடையிலேயே சரிபார்க்க வேண்டும். நீலம் ஆக்சிஜன் குறைந்த ரத்தத்துக்கு, சிவப்பு ஆக்சிஜன் நிறைந்த ரத்தத்துக்கு. நுரையீரல் தமனி நீலமாகவும் நுரையீரல் சிரைகள் நான்கும் சிவப்பாகவும் இருக்க வேண்டும். தமனி என்றாலே சிவப்பு என்று மாற்றிப் பூசிய மாதிரியும் விற்பனைக்கு வருகிறது. அதை வாங்கினால் பாடமே தலைகீழாகிவிடும்.

பாதிகளைச் சேர்ப்பது காந்தமா, பிளாஸ்டிக் முளையா என்று பாருங்கள். முளையைத் திருகி இழுத்தால் முறியும், நேராக இழுக்க வேண்டும். குளச்சல், முட்டம் போன்ற கடலோரப் பள்ளிகளில் உப்புக்காற்றில் காந்தமும் தாங்கியின் திருகும் துருப்பிடிக்கும். மூடிய டப்பாவில் வையுங்கள்.

இனி வால்வு. மாதிரியில் அது அசையாத பிளாஸ்டிக் மடிப்பு. உண்மையில் வால்வு கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வைப்போல, அழுத்தம் மாறும்போது தானாகத் திறந்து மூடும். ஆரிக்கிளுக்கும் வெண்ட்ரிக்கிளுக்கும் இடையே இருக்கும் ஈரிதழ், மூவிதழ் வால்வுகளின் இதழ்கள் ஆரல்வாய்மொழிக் காற்றில் குடை புரள்வதுபோல ஆரிக்கிள் பக்கம் புரண்டுவிடாமல், வெள்ளை நாண்கள் கீழே இழுத்துப் பிடிக்கின்றன. மாதிரியில் அந்த நாண்கள் தடித்த தூண்களாக நிற்கின்றன. நாண் என்றே தோன்றாது.

அதனால் கூடவே ஓர் ஆட்டு இதயமும் வாங்குங்கள். குழாய்களை இரண்டு விரல் நீளம் விட்டு, கீறாமல் தரும்படி கறிக்கடையில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். உறைந்த ரத்தத்தைக் கழுவிவிட்டு, பெருந்தமனியின் வாயை வட்டமாக விரித்துப் பிடித்துத் தண்ணீர் ஊற்றுங்கள். அங்கே இருக்கும் வால்வின் மூன்று இதழ்களும் பைபோல உப்பி ஒன்றையொன்று தொட்டு, தண்ணீர் நிற்கும். மடமடவென்று இறங்கினால் இதழ்களுக்கிடையே ரத்தக்கட்டி சிக்கியிருக்கும், அல்லது வாய் கோணியிருக்கும். மெல்ல இறங்கினால் பிழையில்லை: இதழ்களுக்குச் சற்று மேலே இருக்கும் இரண்டு சிறு துளைகள் வழியாக அது இதயத்துக்கே ரத்தம் தரும் கரோனரித் தமனிகளுக்குள் போகிறது. பிறகு இடது வெண்ட்ரிக்கிளை நீளவாக்கில் கீறி, ஒரு நாணை விரலால் இழுக்கச் சொல்லுங்கள். எளிதில் அறாது.