ஜிலேபியா, கரிமீனா: பண்ணைக்குட்டைக்கு எது?

கிருஷ்ணகிரி அணைப் பக்கம் மீன் வறுவல் சாப்பிட்டவர்களுக்கு ஜிலேபியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சிக்லிட் குடும்பத்து மீன். தென்கிழக்கு ஆப்பிரிக்க ஆறுகள்தான் பூர்வீகம், இந்தியாவுக்கு வந்தது 1952இல். கரிமீனும் அதே குடும்பம், ஆனால் நம் நாட்டு மீன். காயலின் உப்புக் கலந்த நீரில் வாழும், நன்னீரிலும் பிழைத்துக்கொள்ளும்.

இனப்பெருக்கத்தில்தான் இரண்டும் எதிரெதிர். ஆண் ஜிலேபி தரையில் குழி பறிக்கும். பெண் அங்கே முட்டையிட்டு உடனே வாயில் அள்ளிக்கொள்ளும். முட்டை பொரிந்த பிறகும், ஆபத்து என்றால் குஞ்சுகள் தாயின் வாய்க்குள் ஓடி ஒளியும். கரிமீன் கல்லிலோ மூழ்கிய கட்டையிலோ முட்டைகளை ஒட்டிவிடும். பிறகு ஜோடியாகக் காவல், துடுப்பால் விசிறல் எல்லாம் நடக்கும்.

தீனி? கரிமீனுக்குப் பாசியும் நீர்ச்செடியும் பிரதானம். ஜிலேபி பாசி, மக்கிய கழிவு, புழு, மீன்குஞ்சு என எதையும் விடாது.

தர்மபுரிப் பக்கம் பண்ணைக்குட்டை வைத்திருப்பவர் கேட்டால், என் ஓட்டு கரிமீனுக்கு. மெதுவாகத்தான் வளரும், சரி. ஜிலேபியோ சில மாதங்களிலேயே சினைக்கு வந்து குட்டையைப் பொடிமீனால் நிரப்பிவிடும். அப்புறம் மழைக்குக் குட்டை வழிந்தால் ஏரிக்கும் போய்ச் சேரும்.