துணி நிற்கும், லைன் சுருங்கும்: முதல் ஸ்கைடைவிங் செட்டின் நீண்ட நாள் பயன்பாடு

பயிற்சி முடித்து லைசென்ஸ் வாங்கியவர்கள் தேர்ந்தெடுக்கும் முதல் சொந்தச் செட் அநேகமாக இப்படித்தான் அமையும்: வழக்கமாகத் திறக்கும் மெயின் பாராசூட்டாக சேபர்2 போன்ற ஒன்பது செல் (காற்றறை) ரகம், அவசரத்துக்கு ஏழு செல் ரிசர்வ், இரண்டையும் சுமக்கும் வெக்டர் அல்லது ஜாவலின் ரகக் கன்டெய்னர் பை, ஆபத்தில் ரிசர்வைத் தானாகத் திறக்கும் ஏ.ஏ.டி. கருவி ஒன்று. வாங்கும்போது பேச்சு முழுக்கக் கேனப்பியின், அதாவது விரியும் துணியின், பெயரையும் நிறத்தையும் சுற்றியே போகும். ஆனால் சில நூறு ஜம்ப் ஓடிய செட்டைப் பிரித்துப் பாருங்கள். காற்றுப் புகாத ஜீரோ போராசிட்டி நைலான் துணி நல்ல நிலையில் இருக்கும்; கேனப்பியோடு நம்மை இணைக்கும் கயிறுகளான லைன்கள் அளவு மாறியிருக்கும். செட் நன்றாகப் பறக்கிறதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்த லைன்களும் சில சில்லறைப் பாகங்களும்தான்.

அளவைப் பற்றிச் சுருக்கமாக. உடல் எடையோடு உடை, ஹெல்மெட், செட் எல்லாம் சேர்த்துப் பவுண்டில் கணக்கிட்டு, கேனப்பியின் சதுர அடியால் வகுக்க வேண்டும். 70 கிலோ ஆளுக்கு 12 கிலோ சாமான் என்றால் மொத்தம் 181 பவுண்டு. 190 சதுர அடியில் இது 0.95, 170-இல் 1.06, 150-இல் 1.2. புதியவர்கள் இந்த விகிதத்தில் 1.0-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. விகிதம் ஒன்றாகவே இருந்தாலும் சிறிய கேனப்பிக்கு லைன் குட்டை என்பதால் அது வேகமாகத் திரும்பும். எடை குறைவான பெண்கள் விகிதத்தை மட்டும் நம்பி 135-க்கு இறங்குவது அதனால்தான் ஆபத்து.

கன்டெய்னர் மெயினின் அளவுக்கு ஒத்துப் போக வேண்டும். 170-க்குத் தைத்த பையில் 190-ஐத் திணித்தால் பையை மூடும் பின்னை இழுப்பது கடினமாகும், மூலைத் தையல்கள் சீக்கிரம் பிரியும். 190 பையில் 150-ஐப் போட்டாலோ அந்தப் பின்னைப் பிடிக்கும் குளோசிங் லூப் கயிறு தளர்ந்து, காற்றில் அந்தப் பின் தானாக நழுவ வழி உண்டு. உடலில் மாட்டும் பட்டைகளான ஹார்னஸில் முதலில் பார்க்க வேண்டியது மெயின் லிஃப்ட் வெப்பின், அதாவது தோளிலிருந்து இடுப்பு வரை வரும் பட்டையின், நீளம். அது நீளமாக இருந்தால் கேனப்பியின் கீழ் தொங்கும்போது தோளருகே மெயினைக் கோக்கும் த்ரீ ரிங்கின் மூன்று வளையங்களும் தோளுக்கு மேல் ஏறி முகத்தருகே வரும், திசை திருப்பும் பிடியான டாகிளுக்குக் கை எட்டாது. கால் பட்டையைக் கடைசி வரை இறுக்கித்தான் உட்கார வைக்க முடிகிறது என்றால் அந்த ஹார்னஸ் உங்களுடையது அல்ல. நின்று பார்ப்பது போதாது. பாராசூட் செட்டைப் பராமரிக்கும் ரிக்கரிடம் சொல்லித் தொங்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இனி லைன். கேனப்பி திறக்கும்போது, லைன்களைச் சேர்த்துப் பிடித்துத் திறப்பை மெதுவாக்கும் ஸ்லைடர் துணி வேகமாகக் கீழிறங்கும். அதன் உலோக வளையங்களான குரோமெட்டுகள் லைனில் உரசிச் சூடு கிளப்பும். லைன் ரகங்களில் ஒன்றான ஸ்பெக்ட்ரா, அதாவது மைக்ரோலைன், பாலிஎத்திலீன் இழை. சுமார் 150 டிகிரி செல்சியசில் உருகும், அதற்கு முன்பே சுருங்கத் தொடங்கும். உரசல் எல்லா லைனுக்கும் சமமாக விழாது. ஓரத்து லைன்களும், எல்லாவற்றையும்விட டாகிளோடு இணைந்த ஸ்டீயரிங் லைன்களும் அதிகம் சுருங்கும். நடு லைன்கள் ஏறக்குறைய அப்படியே இருக்கும். இதனால் டாகிளைத் தொடாமல் பறக்கும்போதே வால் பகுதி கீழே இழுபட்டு, பாதி பிரேக் பிடித்த நிலையில் கேனப்பி மந்தமாகும். திறப்பு கடினமாகும், முன்பக்க லைன்கள் சேரும் ஃப்ரண்ட் ரைசர் பட்டையை இழுத்தால் குலுங்கும், தரையிறங்கும்போது வேகம் குறைக்க டாகிளை இழுக்கும் ஃப்ளேரில் பலம் இருக்காது. புதியவர்கள் தங்கள் கைப்பழக்கம்தான் சரியில்லை என்று நினைத்து இதைப் பல மாதம் சுமப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

சோதிப்பது எளிது. பாதுகாப்பான உயரத்தில், டாகிளை முழுக்க மேலே விட்டுவிட்டு ஸ்டீயரிங் லைனைப் பாருங்கள். அது பின்பக்கம் வில்லாக வளைந்து நிற்க வேண்டும். நேர்கோடாக நின்று வாலை மடக்கினால் குட்டையாகிவிட்டது என்று பொருள். தரையில் ரிக்கர் லைன்களுக்கு இழுவிசை கொடுத்து, முன்னிருந்து பின்னாக உள்ள லைன் வரிசைகளில் ஏ லைனிலிருந்து பி, சி, டி எவ்வளவு வேறுபடுகின்றன, இடமும் வலமும் ஒத்திருக்கின்றனவா என்று அளந்து, தயாரிப்பாளரின் லைன் அளவைக் காட்டும் ட்ரிம் அட்டவணையோடு ஒப்பிடுவார். கீழ் ஸ்டீயரிங் லைன் தனியாக மாற்றக்கூடியது. பிரேக்கைப் பூட்டும் கண்ணித் துளை அருகே இழை பிசிறத் தொடங்கினாலே மாற்றிவிடுங்கள். முழு லைன் செட் தேய்வதற்குள் ஒரு முறையாவது அந்த வேலை வரும். முழு லைன் செட் மாற்றச் சில நூறு டாலர் ஆகும். மாற்றியபின் பறப்பதில் தெரியும் வித்தியாசத்துக்கு அந்தப் பணம் தகும்.

மற்ற லைன் ரகங்களான வெக்ட்ரானும் எச்.எம்.ஏ.யும் சூட்டில் சுருங்காது. ஆனால் வெக்ட்ரான் வெயிலிலும் உரசலிலும் பிசிறும்; எச்.எம்.ஏ. அதிகம் எச்சரிக்காமல் அறும். அளவு மாறுவதை அளந்து கண்டுபிடித்துவிடலாம் என்பதால், முதல் செட்டுக்கு ஸ்பெக்ட்ராவே எங்கள் தேர்வு. அரிசோனாவின் எலாய் போன்ற பாலைவன இடங்களில் மணல் இழைக்குள் புகுந்து அரிக்கும் என்பதால் எந்த லைனாக இருந்தாலும் ஆயுள் குறையும். ஸ்லைடர் குரோமெட்டின் உள்விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். பிசிறு தட்டினால் அது லைனை அறுக்கும்.

மெயினை வெளியே இழுக்க எறியும் குட்டிப் பாராசூட்டான பைலட் சூட்டின் கில் லைனும், அதாவது திறந்தபின் அதைச் சுருக்கும் கயிறும், இதே நோய்க்கு ஆளாகும். அது சுருங்கினால், காக் செய்த பிறகும், அதாவது விரியத் தயாராக்கிய பிறகும், பைலட் சூட்டின் உச்சி உள்ளே இழுபட்டே இருக்கும், காற்று முழுதாகப் பிடிக்காது. எறிந்த பிறகு கேனப்பி வெளியே வரத் தயங்குவதற்கு இது முக்கியக் காரணம். பேக் செய்யும்போது பைலட் சூட்டை மெயினோடு இணைக்கும் பிரைடில் பட்டையின் ஜன்னலில் நிறம் தெரிகிறதா என்பதோடு, கில் லைனில் சற்றுத் தளர்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். பிசிறிய குளோசிங் லூப்பை அன்றே மாற்றுங்கள். அதன் விலை ஒரு காப்பிக் காசுகூட இராது. மாதம் ஒரு முறை த்ரீ ரிங்கைக் கழற்றி, ரைசர் பட்டையை வளைத்து நெகிழ்த்தி, மெயினைக் கழற்றிவிடும் கட்டவே கேபிளைத் துடைத்து, தயாரிப்பாளர் சொன்ன முறைப்படி மசகிடுங்கள்.

ரிசர்வில் சிக்கனம் வேண்டாம். ஏ.ஏ.டி. இயங்கும் நாளில் நீங்கள் மயங்கியிருக்கலாம், கேனப்பி தானாகத்தான் இறங்கும். அதனால் ரிசர்வ் மெயினைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. ஆப்டிமம் போன்ற மெல்லிய துணி ரிசர்வ் அதே பையில் ஒரு அளவு பெரிதாக அடங்கும். அமெரிக்காவில் 180 நாளுக்கொரு முறை சான்று பெற்ற ரிக்கர் ரிசர்வை மறுபடி பேக் செய்தாக வேண்டும்.

பழைய செட் வாங்குபவர்கள் ஏ.ஏ.டி.யின் தயாரிப்புத் தேதியை முதலில் கேளுங்கள். புதிய சைப்ரஸ் 2-க்கு ஆயுள் 15.5 ஆண்டு, வைஜிலுக்கு 20. மீதமுள்ள ஆண்டுகளுக்கு ஏற்ப விலையைக் குறைக்க வேண்டும். அடுத்து ரிசர்வின் பேக்கிங் பதிவு: பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸ் ரிசர்வ் 40 ரீபேக் அல்லது 25 முறை திறப்பு கண்டிருந்தால் தொழிற்சாலைக்கு அனுப்பிச் சோதித்தாக வேண்டும். லைன் மாற்றிய தேதிக்கு விற்பவரிடம் பதில் இல்லையென்றால், புது லைன் செட்டின் விலையைக் கழித்துக்கொண்டே பேரம் பேசுங்கள். பணம் கைமாறும் முன் செட்டை உங்கள் ரிக்கரிடம் கொடுத்துப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.