மானிட்டர் யார் பக்கம் திரும்பியிருக்கிறது? சென்னை இ-சேவை மையங்கள் ஒரு மதிப்பீடு

இ-சேவை மையத்துக்குள் நுழைந்ததும் முதலில் பார்க்க வேண்டியது மானிட்டரை. உங்கள் பெயர், பிறந்த தேதி, சாதி, வருமானம் எல்லாம் அதில்தான் ஏறப்போகிறது. சென்னையில் பல கவுன்ட்டர்களில் வந்தவர் கண்ணுக்குத் தெரிவது அதன் முதுகும் தொங்கும் வயரும்தான். தமிழ்ப் பெயருக்கான கட்டத்தில் ‘வள்ளியம்மாள்’ ‘வல்லியம்மால்’ ஆனால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. சான்றிதழ் கைக்கு வந்தபிறகு, அதுவும் கல்லூரி சேர்க்கை மேசையில், யாராவது சொன்னால்தான் தெரியும். திருத்தத்துக்கு மறுபடி அலைச்சல். சில மையங்களில் மட்டும் இரண்டாவதாக ஒரு சின்னத் திரையை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்கள். பழைய மானிட்டர் ஒன்றும் ஒரு கேபிளும் போதும் இதற்கு. அப்படி வைத்திருக்கும் இடத்துக்கு, ஏ.சி இல்லாவிட்டாலும், மின்விசிறி கடகடவென்று ஓடினாலும், நம் மதிப்பெண் அதிகம்.

‘இ-சேவை’ என்று ஒரே பெயரில் சொன்னாலும் நகரத்தில் இருப்பவை இரண்டு வகை. ஒன்று, தாலுகா அலுவலகங்களிலும் மாநகராட்சி அலுவலகங்களிலும் அரசு கேபிள் டி.வி நிறுவனம் நடத்தும் அரசு கவுன்ட்டர். மற்றது, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் ‘அனைவருக்கும் இ-சேவை’ ஐ.டி வாங்கி நடத்தும் தனியார் மையம். இதே கடையில் மத்திய அரசின் பொதுச் சேவை மைய போர்டும் தொங்கும். இவை இரண்டும் வேலையை முடித்துக் கொடுக்கும் இடங்கள். உட்கார்ந்து நாமே செய்துகொள்ளும் இடம் வேறு. அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

கட்டணம் இரு வகையிலும் ஒன்றேதான். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி போன்ற வருவாய்த்துறைச் சான்றிதழுக்கு 60 ரூபாய். முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்துக்கு 10 ரூபாய். திருமண உதவித் திட்டங்களுக்கு 120. தனியார் கடையில் 150, 200 என்று கேட்டால், மேலே உள்ளது ‘ஸ்கேனிங், டைப்பிங்’ கணக்கு என்பார்கள். அந்த 60-ல் ஒரு பங்குதான் அவர் கையில் தங்குகிறது என்பது உண்மை. வாடகையும் கரன்ட் பில்லும் அதில் அடங்காது என்பதும் உண்மை. அதற்காகக் கட்டணப் பட்டியலைக் காலண்டருக்குப் பின்னால் மாட்டி வைப்பதை ஒப்புக்கொள்ள முடியாது. ரசீதில் 60 என்று அச்சாகும். மீதிக்கு ஜெராக்ஸ் எத்தனை, பிரின்ட் எத்தனை என்று பிரித்துச் சொல்பவரை நம்பலாம்.

அரசு கவுன்ட்டரின் பலம், கூடுதல் காசு கேட்க மாட்டார்கள். பலவீனம், நேரம். அலுவலக நாளில், அலுவலக நேரத்தில் மட்டும்தான். பொதுத்தேர்வு முடிவு வரும் மே மாதத்திலிருந்து கல்லூரி சேர்க்கை முடியும்வரை வரிசை படிக்கட்டுவரை நிற்கும், சர்வரும் அதே நேரத்தில்தான் படுக்கும். கவுன்ட்டர் திறக்கும்போதே போய்விடுவது நல்லது. மதியத்துக்கு மேல் போய் ‘சர்வர் டவுன், நாளைக்கு வாங்க’ கேட்டுத் திரும்பினால், தினக்கூலிக்காரருக்கு 60 ரூபாய்ச் சான்றிதழின் அசல் விலை ஒரு நாள் கூலி. இந்தக் கணக்கில் பார்த்தால் இரவு ஒன்பதுவரை திறந்திருக்கும் தெருமுனைக் கடை, 40 ரூபாய் கூட வாங்கினாலும் மலிவுதான்.

இனி, வேலை எங்கே சறுக்குகிறது என்று பார்ப்போம். முதல் சறுக்கல் ஸ்கேனிங்கில். இ-சேவைத் தளத்தில் போட்டோ 50 கேபிக்குள்ளும் ஆவணம் 200 கேபிக்குள்ளும் இருக்க வேண்டும். அவசரக்காரர் ஸ்மார்ட் ரேஷன் கார்டை அப்படியே ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்து, முழு ஏ4 அளவுக்கு 300 டி.பி.ஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) கலரில் எடுப்பார். கோப்பு பெரிதாகும். உடனே ஏதாவது ஒரு இணையதளத்தில் போட்டு நசுக்குவார். பக்கத்தில் முக்கால்வாசி வெள்ளைக் காகிதம். ஓரத்தில் தபால்தலை அளவுக்குக் கார்டு. அதில் குடும்ப உறுப்பினர் பெயர்கள் எறும்பு ஊர்ந்த மாதிரி. அதைத் திறந்து பார்க்கும் வருவாய் ஆய்வாளர் ‘ஆவணம் தெளிவில்லை’ என்று எழுதித் திருப்பிவிடுவார். செய்ய வேண்டியது எளிது: கார்டின் அளவுக்கு மட்டும் வெட்டி எடுக்க வேண்டும், முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் அடுத்தடுத்து வைக்க வேண்டும், மார்க்‌ஷீட் போன்ற பெரிய தாள்களை 150 டி.பி.ஐயில் கறுப்பு வெள்ளைச் சாயலில் எடுக்க வேண்டும். அப்லோட் அழுத்தும் முன் அந்தக் கோப்பை ஒருமுறை திறந்து பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள். காட்டுகிறவர் தொழில் தெரிந்தவர்.

இரண்டாவது சறுக்கல் இன்னும் மோசம்: மொபைல் எண். வருவாய்த்துறைச் சான்றிதழுக்கு முதலில் கேன் எண், அதாவது விண்ணப்பிப்பவரின் விவரங்களைத் தளத்தில் சேமிக்கும் அடையாள எண், பதிய வேண்டும். அதற்கு ஓ.டி.பி வேண்டும். வந்திருக்கும் அம்மாவின் ஆதாரில் இருப்பது எப்போதோ தொலைந்த சிம் எண்ணாக இருக்கும். அல்லது போன் மகனிடம், மகன் ஸ்ரீபெரும்புதூரில் ஷிஃப்டில். ‘என் நம்பரைப் போட்டுக்கிறேன்கா, பரவாயில்ல’ என்பார் கடைக்காரர். நல்லெண்ணம்தான். ஆனால் அதன் பிறகு ‘உங்கள் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது’ என்ற குறுஞ்செய்தி அவர் போனுக்கு வரும், அன்றைக்கு வந்த நூறு செய்திகளோடு. திருப்பி அனுப்பியதற்குச் சரியான ஆவணத்தை மறுபடி ஏற்றலாம். ஒரேயடியாக நிராகரித்துவிட்டால் புதிதாக 60 கட்ட வேண்டும். செய்தி கிடைக்காத அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆதாரில் மொபைல் எண்ணை மாற்ற ஆவணம் எதுவும் வேண்டாம். பதிவு மையத்தில் 75 ரூபாய். மற்ற வேலைகளுக்கு முன்னால் அதை முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

‘பதிவு மையத்தில்’ என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இ-சேவை போர்டு இருக்கும் கடையிலெல்லாம் ஆதார் திருத்தம் நடக்காது. ஆதார் அச்சிடுவார்கள், அவ்வளவே. கைரேகை, போட்டோ, முகவரி, மொபைல் மாற்றம் எல்லாம் தாலுகா அலுவலக மையங்கள், சில தபால் நிலையங்கள், சில வங்கிக் கிளைகள் ஆகியவற்றில் செய்துகொள்ளலாம். 2025 அக்டோபர் 1 முதல் பெயர், முகவரி போன்றவற்றுக்கு 75, கைரேகை, கருவிழி புதுப்பிக்க 125. புதிய பதிவு இலவசம். குழந்தைகளுக்கு 5 முதல் 7 வயதுக்குள்ளும் 15 முதல் 17 வயதுக்குள்ளும் கட்டாயமாகச் செய்ய வேண்டிய ரேகைப் புதுப்பிப்பும் இலவசம். இதற்குக் காசு கேட்டால் ஆதார் உதவி எண் 1947-க்கு அடிக்கலாம்.

கைரேகைக் கருவி தனிக் கதை. பாத்திரம் தேய்த்தும் சிமென்ட் குழைத்தும் ரேகை தேய்ந்த விரல்களைக் கருவி மதிப்பதில்லை. ‘கட்டை விரல் வேணாம் பாட்டி, மோதிர விரல வைங்க’ என்று சொல்கிற ஆபரேட்டர் அனுபவசாலி. பத்து விரலில் எதை வைத்தாலும் செல்லும் என்பது பலருக்குத் தெரியாது. விரல் வறண்டிருந்தால் தலைமுடியில் லேசாகத் தேய்த்துவிட்டு வைக்கச் சொல்வார்கள். அந்த எண்ணெய்ப் பசையில் ரேகை பிடிபடும், ஆனால் அடுத்தவருக்குக் கண்ணாடி மங்கும். பக்கத்தில் ஒரு மென்துணி இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு சிக்கல், கருவியே பழசாக இருப்பது. எல்0 என்ற பழைய வகைக் கருவிகளை ஆதார் ஆணையம் 2025 நடுவில் ஓரங்கட்டிவிட்டது. மந்த்ரா எம்.எஃப்.எஸ் 100 வைத்திருந்தவர்கள் 110 போன்ற எல்1 என்ற புதிய வகைக் கருவிக்கு மாற வேண்டியிருந்தது. புதிய கருவியானாலும், அதை ஆதாரோடு பேச வைக்கும் மென்பொருளான ஆர்.டி சர்வீஸின் சந்தாவைப் புதுப்பிக்காவிட்டால் விளக்கு எரியும், வேலை ஓடாது. ‘உங்க ரேகை விழல’ என்று சொல்லும் கடையில் பின்னால் நிற்பவர்கள் யாருக்குமே விழவில்லை என்றால், பிழை விரலில் இல்லை.

மத்திய அரசு ஓய்வூதியக்காரர்கள் நவம்பரில் வாழ்நாள் சான்றுக்காக இந்தக் கருவியோடு மல்லுக்கட்ட வேண்டியதே இல்லை. ஆண்ட்ராய்டு போனில் ஆதார் ஃபேஸ் ஆர்.டி, ஜீவன் பிரமாண் என்ற இரண்டு செயலிகளைப் போட்டால் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், பின்னால் ஜன்னல் இருக்கக் கூடாது, சொன்னபடி கண்ணிமைக்க வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்து அனுப்பும் மையங்கள் குறைவு. சொல்லிக் கொடுத்தால் அடுத்த வருடம் ஆள் வரமாட்டாரே.

அந்தரங்கத்தில் எல்லா மையங்களும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்குக் கீழேதான். கடை கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் ஊரார் ஆதார் வரிசையாக நிற்கும். இ-ஆதாருக்குப் பாஸ்வேர்டு உண்டே என்றால், அது ஆங்கிலப் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும். யாருக்கும் தெரிந்த ரகசியம். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லும் கடையில் இன்னும் வசதி, ஆவணம் கடைக்காரர் போனிலேயே தங்கிவிடும். பிரின்ட் எடுத்ததும் ‘அழிச்சிடுங்க தம்பி, ரீசைக்கிள் பின்லயும்’ என்று சொல்ல வெட்கப்படக் கூடாது. பல இடங்களுக்கு எண்கள் மறைத்த ஆதாரே போதும், இலவசமாகத் தரவிறக்கலாம்.

கண்ணகி நகர், செம்மஞ்சேரி போன்ற மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் பிரச்சினை வேறு மாதிரி. ஆள் இங்கே, ரேஷன் கார்டும் ஆதாரும் கூவம் கரையில் இருந்த பழைய முகவரியில். விண்ணப்பம் பழைய தாலுகாவுக்குப் போகும், விசாரிக்க வருபவர் அங்கே வீட்டையே காணமாட்டார். எனவே வரிசை முக்கியம்: முதலில், வீடு ஒதுக்கிய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் ஒதுக்கீட்டு ஆணையையும் மின் கட்டண ரசீதையும் எடுத்துக்கொண்டு போய், எதை வைத்து ஆதார் முகவரியை மாற்றலாம் என்று கேட்டு மாற்றுவது, அடுத்து ரேஷன் கார்டு, அதன் பிறகே சான்றிதழ். இந்த வரிசையைச் சொல்லாமல் நேரே 60 ரூபாய் வாங்கி விண்ணப்பம் போடும் ஆபரேட்டர் தன் வேலையைச் செய்யவில்லை என்றே எழுதலாம்.

நாமே உட்கார்ந்து செய்யும் இடங்களில் கொளத்தூர் முதல்வர் படைப்பகம் நன்றாக அமைந்தது. 2024 நவம்பர் 4-ல் திறந்தார்கள். கீழே பகிர்ந்த பணியிடம், மேலே படிப்பகம். பணியிடத்துக்கு அரை நாள் 50, முழு நாள் 100, மாதம் 2,500 ரூபாய் என்று அறிவித்தார்கள். போட்டித் தேர்வு மாணவருக்கும் சின்னதாகத் தொழில் தொடங்குபவருக்கும் இது பெரிய வரம். லேப்டாப் இல்லாதவருக்கு, பட்டனைத் தேடித் தேடி அழுத்துபவருக்கு, அங்கே என்ன வேலை என்பதுதான் கேள்வி. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். பொறியியல் கலந்தாய்வுக்கு உதவி மையங்கள் வைத்து விண்ணப்பத்தை இலவசமாக நிரப்ப உதவுகிறார்கள்; மாணவர் கட்டுவது பதிவுக் கட்டணம் 500, பட்டியல் இனத்தவருக்கு 250, அவ்வளவே. அதே ஏற்பாடு இ-சேவைக்கு வருடம் முழுக்க இருந்தால் என்ன? இ-சேவைத் தளத்தில் பொதுமக்களுக்கென்றே தனி லாகின் இருக்கிறது. அதே 60 ரூபாய்தான்.

இது இன்று தோன்றிய பேச்சு இல்லை. சென்னை ஐ.ஐ.டியின் தொலைத்தொடர்பு ஆய்வுக் குழுவான டெனெட்டிலிருந்து கிளைத்த என்-லோக் நிறுவனம் 2000-களின் தொடக்கத்தில் கார்டெக்ட் என்ற வயர்லெஸ் இணைப்போடு கிராமக் கியோஸ்க்குகளை, அதாவது சின்ன இணைய மையங்களை, போட்டது. வேகம் 35 அல்லது 70 கேபிபிஎஸ். மதுரை மேலூர் பக்கம் அவற்றில் தாலுகா அலுவலகச் சான்றிதழ்கள் வாங்கும் வசதி நன்றாக ஓடியது. ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாறியதும் அந்த வசதி படுத்தது, பல கியோஸ்க்குகளும் மூடின. இன்றைக்கு வேகம் ஃபைபர், கையெழுத்து டிஜிட்டல், சான்றிதழில் கியூ.ஆர் கோடு. ஆனால் மறுமுனையில் கோப்பைத் திறந்து பார்க்க ஒரு வருவாய் ஆய்வாளரோ தாசில்தாரோ உட்கார வேண்டும் என்பது மாறவில்லை. அதனால் கடைக்காரரிடம் ‘எப்ப வரும்’ என்று கோபப்பட்டுப் பயனில்லை. விண்ணப்ப எண்ணைப் போட்டு எந்த மேசையில் நிற்கிறது என்று பார்க்கச் சொன்னால் பதில் கிடைக்கும். அங்கேயே பல நாள் நின்றால் முதல்வர் உதவி எண் 1100.

தரவரிசை கேட்டால்: ஆதார் வேலைக்குத் தாலுகா அலுவலகம். சான்றிதழுக்கு, திரையை நம் பக்கம் திருப்பி வைத்த கடை எதுவோ அது. கடையை விட்டு இறங்கும் முன் ஒப்புகைச் சீட்டில் நான்கைப் பாருங்கள்: பெயரின் இனிஷியல் முன்னாலா பின்னாலா, தந்தை பெயர் எழுத்துக்கூட்டல், தாலுகா, மொபைல் எண். கடைசி எண் உங்களுடையது இல்லை என்றால் அங்கேயே உட்கார்ந்து கேன் விவரத்தைத் திருத்தச் சொல்லுங்கள், அதற்கு வரும் ஓ.டி.பி யார் போனில் ஒலிக்கிறது என்பதையும் கவனியுங்கள்.